விடை வந்த பிறகு: மதுரை வட்டாரத்தில் ஆசிரியப் பயிற்சியும் ஆழ்ந்த சிந்தனையும்

பி.எட். படிப்பவர் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகும் முன் எழுதிக் கையெழுத்து வாங்கும் பாடத்திட்டத்தில் இரண்டு பத்திகள் அருகருகே இருக்கும். ஒன்று ஆசிரியர் செயல், மற்றொன்று மாணவர் செயல். ஆசிரியர் என்ன கேட்பார் என்பதோடு மாணவர் என்ன விடை சொல்வார் என்பதையும் பயிற்சிக்குப் போகிறவரே முந்தின நாள் எழுதி முடித்துவிடுகிறார். வகுப்பில் ஒரு குழந்தை வேறொன்றைச் சொன்னால் அதற்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. வழிகாட்டி ஆசிரியர் ஒப்புதல் தந்த தாளைவிட்டு விலகும் துணிவும் புதியவருக்கு எளிதில் வராது.

மாணவர்களை ஆழ்ந்து சிந்திக்கவைக்கும் ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்பதில் நம் கல்வி ஆவணங்களிடையே கருத்து வேறுபாடே இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 2009ஆம் ஆண்டின் ஆசிரியர் கல்விக்கான வடிவமைப்பு, 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட பள்ளிக் கல்விக்கான மாநிலக் கல்விக் கொள்கை ஆகிய எல்லாமே மனப்பாடத்தைக் கடந்து சிந்தனைக்குப் போகச் சொல்கின்றன. அரசியலில் எதிரெதிராக நிற்பவர்களும் ஒப்புக்கொண்ட ஒன்று வகுப்பறைக்குள் ஏன் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மதுரை நகரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் இதற்குக் களமாகக் கொள்கிறேன். ஆசிரியப் பயிற்சியில் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் உள்ள வட்டாரம் இது. மிஷன் காலம், காந்திய காலம், செயல்வழிக் கற்றல் காலம் என அடுத்தடுத்து வந்த முயற்சிகள் ஒரே மண்ணில் என்ன ஆயின என்று இங்கே தொடர்ந்து பார்க்க முடியும்.

நான் வந்தடையும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பயிற்சி, கேள்வி கேட்பதைக் கற்றுத்தருகிறது. குழந்தையின் விடை வந்த பிறகு என்ன செய்வது என்பதைக் கற்றுத்தரவில்லை. சிந்தனையை நாடி வந்த ஒவ்வொரு சீர்திருத்தமும் கடைசியில் நிரப்பவேண்டிய படிவமாக முடிந்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

1. ஆழம் எங்கே இருக்கிறது?

பயிற்சிக் கல்லூரிகளில் இக்கேள்விக்குக் கிடைக்கும் வழக்கமான விடை பெஞ்சமின் புளூம் 1956இல் வெளியிட்ட வகைப்பாடு. அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என்று அது படிப்படியாக ஏறும். 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் அதைத் திருத்தி, படைத்தலை மேல் படியில் வைத்தார்கள். இந்தப் படிகளைப் பி.எட். மாணவர்கள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். சிந்தனையின் படிநிலைகளே நினைவுகூரும் பாடமாகிவிட்டது வேதனைக்குரியது. ஆனால் சிக்கல் அதைவிடக் கீழே இருக்கிறது. உயர்சிந்தனை என்பது கேள்வியில் வரும் வினைச்சொல்லில் இருப்பதாக ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ‘ஒப்பிடுக’, ‘பகுத்தாய்க’, ‘உன் கருத்தைக் கூறு’ என்று வந்தால் அது உயர்நிலை வினா என்கிறார்கள். ஒப்பீட்டை ஆசிரியர் முன்பே குறிப்பாகச் சொல்லி எழுதவைத்திருந்தால் ‘ஒப்பிடுக’ என்பதும் நினைவுத் தேர்வுதான். ‘இது எத்தனை?’ என்ற மிக எளிய கேள்வியும், ‘எப்படிக் கண்டுபிடித்தாய், வேறு வழி உண்டா?’ என்று தொடர்ந்தால் ஆழமாகிவிடும்.

வகுப்பறைப் பேச்சை ஆராய்ந்தவர்கள் இதை நெடுநாளாகச் சுட்டிவருகிறார்கள். 1970களில் பிரிட்டனில் சின்க்ளேரும் கூல்தார்டும், அமெரிக்காவில் ஹியூ மீகனும் வகுப்புரையாடலின் அடிப்படை வடிவத்தைப் பதிவு செய்தார்கள். ஆசிரியர் கேட்கிறார், மாணவர் சொல்கிறார், ஆசிரியர் ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்கிறார். மூன்றாவது அடி விழுந்ததும் அந்த விடையின் ஆயுள் முடிந்துவிடுகிறது. மேரி பட் ரோவ் 1974இல் எழுதிய ஆய்வு இன்னும் நுட்பமானது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அவர் கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாகின, காரணங்கள் கூடின, வழக்கமாகப் பேசாத குழந்தைகள் பேசினார்கள். அவர் சொன்ன இரண்டாவது காத்திருப்பை நாம் மறந்துவிடுகிறோம். விடை வந்த பிறகும் ஆசிரியர் உடனே தீர்ப்புச் சொல்லாமல் நிற்க வேண்டும்.

தான் சொன்னதற்குக் காரணம் சொல்லவும், அடுத்தவர் சொன்னதோடு அதை எடைபோடவும், சான்று மாறினால் கருத்தை மாற்றிக்கொள்ளவும் குழந்தை முற்படும் நிலையையே இக்கட்டுரை ஆழ்ந்த சிந்தனை என்று கொள்கிறது. அந்த நிலை ஆசிரியரின் மூன்றாவது அடியில்தான் பிறக்கிறது, அல்லது அணைந்துபோகிறது.

2. பசுமலையிலிருந்து கல்லுப்பட்டிவரை

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் வேலையைத் தொடங்கியது. 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய அதன் செமினரி 1845இல் பசுமலைக்கு மாறி, கிராமப் பள்ளிகளுக்கான ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்கியது. 1881இல் அங்கே தோன்றியதுதான் அமெரிக்கன் கல்லூரி. மதுரைச் சமவெளியில் எழுத்தே எட்டாதிருந்த சாதிகளின் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததில் இம்மரபின் பங்கு பெரிது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. அதே காலத்தில் மதராஸ் மாகாண அரசு, இன்ஸ்பெக்டர் நடத்தும் தேர்வின் முடிவைப் பார்த்துப் பள்ளிகளுக்கு மானியம் அளித்தது. எந்தப் பாடநூலிலிருந்து எந்தப் பகுதி கேட்கப்படும் என்பது தெரிந்த தேர்வு அது. பள்ளியின் பிழைப்பும் ஆசிரியரின் சம்பளமும் குழந்தை சொல்லும் எதிர்பார்த்த விடையோடு கட்டப்பட்டன. காலனிய இந்தியப் பள்ளி ஆசிரியர் துறைக்கு முன்னால் பணிந்தும் வகுப்புக்குள் அதிகாரத்தோடும் நின்றார் என்றும், பாடநூலை மாற்றும் உரிமை அவரிடம் ஒருபோதும் இருக்கவில்லை என்றும் கல்வியாளர் கிருஷ்ணகுமார் காட்டியிருக்கிறார். பாடத்திட்டத்தில் முன்கூட்டியே நிரப்பப்படும் மாணவர் செயல் பத்தியின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் கணிப்பு.

இந்த ஏற்பாட்டை நேரடியாக எதிர்த்தது ஆதாரக் கல்வி. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த கருத்துக்கு ஜாகிர் உசேன் குழு பாடத்திட்ட வடிவம் தந்தது. மதுரை வட்டாரம் அதற்கு வலுவான தளமாக அமைந்தது. தே. கல்லுப்பட்டியில் 1940இல் காந்தி நிகேதன் ஆசிரமம் தோன்றியது, காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த சின்னாளப்பட்டிக்கு அருகே 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினார்கள். தக்ளியில் நூற்கும் பிள்ளை நூலை அளக்கிறது, பஞ்சின் விலையைக் கணக்கிடுகிறது, பருத்தி விளையும் மண்ணைப் பற்றிக் கேட்கிறது, துணி எங்கிருந்து வந்து யாருடைய தறியை நிறுத்தியது என்று வரலாற்றுக்குள் போகிறது. இதை அவர்கள் இணைத்துக் கற்பித்தல் என்றார்கள். கொள்கை அளவில் இதைவிடச் சிந்தனையைத் தூண்டும் ஏற்பாடு வேறில்லை. கையில் நடக்கும் வேலை அடுத்து என்ன கேள்வியை எழுப்பும் என்று முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

ஆனால் அதைத்தான் எழுதிவைத்தார்கள். எந்தக் கைத்தொழில் செயலோடு எந்தப் பாடப்பகுதியை இணைப்பது என்ற பட்டியல்கள் பயிற்சிப் பள்ளிகளில் உருவாயின. வலிந்து இணைத்த இணைப்புகள் பாடக்குறிப்பேடுகளில் ஏறின. காந்திகிராமத்தின் ஜி. ராமச்சந்திரன் தலைமையிலேயே மத்திய அரசு அமைத்த மதிப்பீட்டுக் குழு, ஆதாரக் கல்வி பல மாநிலங்களில் பெயரளவில் நடப்பதை 1956இல் சுட்டியது. தாம் நம்பிய இயக்கத்தின் தளர்ச்சியைத் தாமே எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தத் தளர்ச்சிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத் தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலைப் பழகும்படி வகுத்தது. குலக்கல்வி என்று அதை எதிர்த்த பெரியாரும் திராவிட இயக்கமும் கேட்ட கேள்வி சரியானது: யார் பிள்ளை கையால் கற்கும், யார் பிள்ளை புத்தகத்தால் கற்கும்? 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. எனினும் செய்து கற்பதன் மீதே ஒரு நியாயமான ஐயத்தை அது விட்டுச்சென்றது. சிந்தனைக் கல்வி பற்றிப் பேசும் எவரும் அந்த ஐயத்துக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாம் பகுதியில் அதற்குத் திரும்புகிறேன்.

3. ஆறு நிமிடப் பாடம்

இன்றைய பி.எட். வகுப்பில் மாணவ ஆசிரியர் முதன்முதலாகக் கற்பிப்பது பெரும்பாலும் நுண்ணிலைக் கற்பித்தலில்தான். 1960களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவர் குழுவினரும் உருவாக்கிய முறை இது. பிறகு பரோடாவிலும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்திலும் இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. கற்பித்தலைச் சிறு திறன்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே பழக வேண்டும். பாடம் தொடங்கும் திறன், விளக்கும் திறன், கிளர்வினாத் திறன், வலுவூட்டும் திறன், பல்வகைத் தூண்டல் திறன், கரும்பலகைத் திறன் என்று பட்டியல் நீளும். இந்திய வடிவத்தில் ஒரு சுற்று 36 நிமிடம். கற்பிக்க 6, பின்னூட்டத்துக்கு 6, மறுதிட்டத்துக்கு 12, மீண்டும் கற்பிக்க 6, மீண்டும் பின்னூட்டத்துக்கு 6.

இதை மேலோட்டமாகப் பழிப்பது எளிது, நியாயமாகாது. பட்டியலில் உள்ள கிளர்வினாத் திறனை எடுத்துக்கொள்வோம். விடை தெரியாதபோது குறிப்புத் தருதல், அரைகுறை விடையை விரித்துச் சொல்லவைத்தல், சொன்னதைப் பாடத்தின் மையத்தோடு இணைத்தல், அதே வினாவை வேறொருவரிடம் திருப்புதல், காரணம் கேட்டல் ஆகியவை அதன் கூறுகள். இவை முழுக்க முழுக்க விடை வந்த பிறகு செய்ய வேண்டியவை. ஆக, நாம் தேடும் கருவி அரை நூற்றாண்டாக நம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அது ஏன் வேலை செய்யவில்லை?

காரணம், அந்த ஆறு நிமிடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். ஸ்டான்ஃபோர்டில் நாலைந்து பள்ளி மாணவர்களை வரவழைத்துக் கற்பித்தார்கள். நம் கல்லூரிகளில் வசதிக் குறைவு கருதிச் சக மாணவ ஆசிரியர்களே குழந்தைகளாக நடிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டோம். பட்டம் பெற்று வந்த இருபத்திரண்டு வயதுக்காரர் ஏழாம் வகுப்புப் பிள்ளையாக நடிக்கிறார். விடை அவருக்குத் தெரியும். நண்பருக்கு மதிப்பெண் கிடைக்க வேண்டும் என்பதும் தெரியும். கேட்டதற்கு ஏற்ற விடையைச் சொல்கிறார். எங்கே தடுமாற வேண்டும் என்பதையும் முன்பே பேசிவைத்துக்கொள்கிறார்கள். உற்றுநோக்குபவர் படிவத்தில் கிளர்வினாக்களை எண்ணிக் கோடு போடுகிறார். உண்மையான தவறு, உண்மையான குழப்பம், யாரும் எதிர்பாராத விடை ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் கிளர்வினாவைப் பழகுவது, தண்ணீர் இல்லாத கண்மாயில் நீச்சல் பழகுவதைப் போன்றது.

அமெரிக்கக் கல்விச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் எழுதிய ஆய்வு இங்கே பொருந்தும். ஆசிரியராக வருகிறவர், பள்ளி மாணவராக ஆயிரக்கணக்கான மணிநேரம் ஆசிரியர்களைப் பார்த்தே தொழில் பழகிவிட்டு வருகிறார் என்றார் அவர். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பள்ளி படித்து, மதுரையில் பட்டம் பெற்று, தியாகராசர் ஆசிரியர் கல்லூரியிலோ புனித ஜஸ்டின் கல்வியியல் கல்லூரியிலோ காந்திகிராமம் லட்சுமி கல்வியியல் கல்லூரியிலோ சேரும் இளைஞர், பதினைந்து ஆண்டு அனுபவத்தோடு உள்ளே நுழைகிறார். நல்ல ஆசிரியர் என்பவர் விடையைத் தெளிவாகச் சொல்லித் தருபவர் என்று அந்த அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆறு நிமிட நடிப்பு அதை அசைக்காது. பள்ளியில் முதல் முறை குழந்தை எதிர்பாராததைச் சொல்லும்போது, தன் பழைய ஆசிரியர் செய்ததையே அவரும் செய்வார்.

2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த விதிகளின்படி பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டாண்டாகியது. இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி வந்தது. பயிற்சிக் காலம் இப்படிக் கூடியது நல்ல மாற்றம். ஆனாலும் அந்த வாரங்களை அளப்பது இன்னமும் ரெக்கார்டு நோட்டுகளே. எத்தனை பாடத்திட்டம், எத்தனை சார்ட், எத்தனை சாதனைத் தேர்வு என்று கணக்கு உண்டு. ஒரு குழந்தை சொன்ன ஒரு விடையை வைத்து எழுதிய ஒரு பக்கத்துக்குக் கணக்கு இல்லை.

4. ஏணியும் அட்டையும்

செயல்வழிக் கற்றல் வேறு வழியில் வந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் நடந்த கிராமப் பள்ளிப் பணியிலிருந்து கற்றுக்கொண்டு, அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இதைத் தொடங்கினார். 2007இல் மாநிலம் முழுவதும் 37,000க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கற்றல் ஏணி, அட்டைகள், குழுத் தட்டுகள், பிள்ளைகளின் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை ஆகியவை வகுப்பறையின் முகத்தையே மாற்றின. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் உட்கார்ந்தார். அந்தக் காட்சி மாற்றத்தின் மதிப்பை நான் உயர்வாகவே கருதுகிறேன். அச்சம் குறைந்தது. அச்சம் குறையாத இடத்தில் சிந்தனை பற்றிப் பேசிப் பயனில்லை.

ஆயினும் அடுத்து என்ன என்பதை ஏணியே தீர்மானித்தது. அட்டையில் இருப்பதைச் செய்து முடித்தால் அடுத்த அட்டை. ஒரு பிள்ளை அட்டைக்கு வெளியே ஒன்றைக் கேட்டால் அதைத் தொடர்ந்து போகும் உரிமை ஆசிரியருக்கு உண்டா என்பது தெளிவாக இருக்கவில்லை. உயர் தொடக்க வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியில் மன வரைபடம் வரைவது கட்டாயப் படியானது; சில ஆண்டுகளில் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்ததைப் பிள்ளைகள் பார்த்து எழுதும் பழக்கம் வந்தது. வட்டார வள மையங்களில் நடந்த பணியிடைப் பயிற்சி, படிகளின் வரிசையை விளக்கியது. அந்தப் படிகளுக்குள் குழந்தை சொல்வதைக் கேட்பது எப்படி என்பதற்கு அங்கே நேரமில்லை. ஆதாரக் கல்வியின் இணைப்புப் பட்டியலும் இதுவும் அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே வழியில் தேய்ந்தன.

5. மனப்பாடத்தின் நியாயம்

இங்கே வலுவான மறுப்பு ஒன்றை எடைபோட வேண்டும். சிந்தனை சிந்தனை என்று பேசுபவர்கள் மனப்பாடத்தை எதிரியாக்குகிறார்கள். ஏழைப் பிள்ளைக்குக் கைகொடுத்ததே அதுதான் என்பது அந்த மறுப்பு. இதற்கு இரண்டு முகங்கள் உண்டு.

முதலாவது வரலாறு. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை, முந்திரி, காணி, மா என்ற பின்ன வாய்பாடுகள் உட்பட, மனத்தில் ஏற்றினார்கள். கணித வரலாற்றாய்வாளர் டி. செந்தில் பாபு தம் ஆய்வில், அங்கே நினைவு என்பது சரக்கு சேர்த்துவைக்கும் அறையாக இருக்கவில்லை, நிலத்தையும் நெல்லையும் கூலியையும் கணக்கிடும் திறமையின் உறுப்பாகவே இருந்தது என்று வாதிடுகிறார். அதைப் பாடநூலோடும் தேர்வோடும் கட்டிப் பொருளற்ற ஒப்பிப்பாக்கியது பின்னால் வந்த ஏற்பாடு. இவ்வாதம் எனக்கு ஏற்புடையது; திண்ணைப் பள்ளியின் படிகள் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை என்பதை மறக்காமல்தான் ஏற்கிறேன். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்ற கணக்கு உண்டு. நாட்டார் பெருமையாக மேடைகளில் சொல்லப்படும் செய்தி இது. மாணவ ஆசிரியர் வகுப்பில் இதை வைத்து ‘உண்மையா?’ என்று கேட்டால் என்ன ஆகும்? எத்தனை பழங்களை அறுத்துப் பார்க்க வேண்டும், காம்பைச் சுற்றி என்றால் எந்த வரிசை முள், ஒரு பழத்தில் பொய்த்தால் விதியே பொய்யா? மனப்பாடமாக வந்த ஒரு வரி, ஒரு வாரத்துக்கான ஆய்வாகிவிடும். நினைவும் சிந்தனையும் இப்படிச் சேர்ந்தே நடக்கின்றன.

இரண்டாவது முகம் இன்றைய சமூகம். குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பு எழுதும் பெண்ணுக்கு முப்பத்தைந்து மதிப்பெண் என்பது திருமணம் தள்ளிப்போவதற்கும் பிளஸ் ஒன் சேர்வதற்கும் உள்ள வழி. முக்கிய வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்து அவளைக் கரையேற்றிய அரசுப் பள்ளி ஆசிரியரை, சிந்தனையைக் கொன்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆராய்ச்சியும் அவர் பக்கம் ஓரளவு நிற்கிறது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகியோர் 2006இல் எழுதிய கட்டுரை, அடிப்படை அறிவு இல்லாத தொடக்கநிலை மாணவர்களை வழிகாட்டலின்றிக் கண்டுபிடிக்கவிடுவது பலன் தராது என்றது. அறிவில்லாமல் ஆழ்ந்து சிந்திக்க முடியாது என்பது உண்மை.

ஆனால் இந்த மறுப்பு எதுவரை செல்லும்? வழிகாட்டல் தேவை என்பதால் விடையைக் காதில் வாங்காமலிருப்பது நியாயமாகாது. குழந்தையின் தவறான விடையைக் கேட்டறிந்தால்தான் அதற்கு எது தெரியாது என்பதே ஆசிரியருக்குத் தெரியும். திருப்புதல் வகுப்பில்கூட இது பொருந்தும். குலக்கல்வியைப் பற்றி எழுந்த பழைய கேள்வி இங்கே வேறு உருவில் திரும்புகிறது. நகரின் கட்டணப் பள்ளியில் பிள்ளைகள் விவாதிக்கிறார்கள், செயல்திட்டம் செய்கிறார்கள். அரசுப் பள்ளியில் முப்பத்தைந்துக்கான பயிற்சி நடக்கிறது. சிந்தனை வசதியுள்ளவர் பிள்ளைக்கும் மனப்பாடம் மற்றவர் பிள்ளைக்கும் என்று பங்கிடப்பட்டால், 1953இல் எதிர்த்தது என்னவோ அதுவே வேறு பெயரில் நடக்கிறது.

6. ஒரு பாடம்: கீழடிக் கரித்துண்டு

பொதுவாகச் சொன்னது போதும். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது கீழடி. 2015 வாக்கில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்கிறது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மாணவ ஆசிரியர் இதைச் சமூக அறிவியல் பாடமாக எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பாடத்திட்டத்தில் வினாக்கள் இப்படி வரும். கீழடி எந்த ஆற்றங்கரையில் உள்ளது? வைகை. எந்த மாவட்டம்? சிவகங்கை. அங்கே கிடைத்த எழுத்து எது? தமிழி. பிள்ளைகள் உற்சாகமாகச் சொல்வார்கள், பெருமிதமும் கொள்வார்கள்; நாற்பது நிமிடம் குறையின்றி முடியும்.

வேறொரு தொடக்கம் இருக்கிறது. நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்று அமெரிக்க ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, அதன் காலம் பொ.ஆ.மு. 580 என்று 2019இல் வெளியான அறிக்கை கூறியது. ஆசிரியர் இந்த ஒரு செய்தியை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, ‘கரிக்கு வயது தெரிந்துவிட்டது. பக்கத்தில் கிடந்த எழுத்துப் பொறித்த ஓட்டுக்கும் அதே வயது என்று சொல்லலாமா?’ என்று கேட்கிறார்.

இதற்கு என்ன விடைகள் வரும் என்பதை முழுமையாக எழுதிவைக்க முடியாது. ஒரு பிள்ளை ஆமாம் என்னும். கிணறு வெட்டும் வேலைக்குப் போகும் அப்பாவின் மகன், ‘குழி தோண்டி மூடினா மேல் மண்ணு கீழ போயிரும்ல சார்?’ என்று கேட்கக்கூடும். மரம் எரிந்த நாள் வேறு, அந்த மரம் வளர்ந்த காலம் வேறு என்று இன்னொருவர் நினைக்கலாம். கிணறு வெட்டுபவரின் மகன் கேட்ட கேள்விக்குள் மண்ணடுக்கியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ‘அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்கார்’ என்றால் அத்தோடு முடிந்தது. ‘நல்ல கேள்வி’ என்று பாராட்டிவிட்டு அடுத்த வினாவுக்குப் போவதும் ஏறக்குறைய அதே விளைவைத் தரும். பாராட்டும் ஒரு வகை முற்றுப்புள்ளிதான். ‘அப்படிப் புரண்ட மண்ணையும் புரளாத மண்ணையும் உன் அப்பா எப்படி வேறுபடுத்துவார்?’ என்று கேட்டால் வகுப்பு வேறு பாதையில் போகிறது. கிராமத்துப் பிள்ளையின் வீட்டறிவு அங்கே சான்றாகிறது.

அப்படிக் கேட்பதற்கு ஆசிரியரிடம் இரண்டு வேண்டும். ஒன்று, தொல்லியலாளர் மண்ணடுக்கை எப்படிப் படிக்கிறார், ஒரே ஒரு மாதிரியின் காலத்தை ஏன் மற்ற மாதிரிகளோடு ஒப்பிடுகிறார் என்ற பாட அறிவு. லீ ஷுல்மன் 1986இல் பாடப்பொருளும் கற்பித்தலும் கலந்த அறிவு என்று தனியே பிரித்துக் காட்டியது இதைத்தான். பி.எட். கல்லூரியில் வரலாற்றுப் பட்டதாரிக்குக் கற்பிக்கும் முறைகள் கிடைக்கின்றன. வரலாற்றாளர் சான்றை எப்படி ஐயப்படுகிறார் என்பதை அவர் பட்டப்படிப்பிலும் கற்கவில்லை, இங்கும் கற்கவில்லை. மற்றது, கீழடியின் காலம் அறிஞர்கள் இன்றும் வாதிடும் பொருள் என்று பிள்ளைகளிடம் சொல்லும் துணிவு. பெருமிதத்துக்கு அது ஊறு செய்யாது. சான்றை எடைபோடத் தெரிந்த பிள்ளையின் பெருமிதம் எளிதில் ஆட்டம் காணாது.

7. எங்கிருந்து மாற்றுவது

ஆசிரியரை முதலில் சிந்திக்கவைத்த முன்னோடி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆசிரியர்கள் விடுமுறைப் பயிற்சியில் தாமே மாணவர்களாக உட்கார்ந்து சோதனைகளைச் செய்தார்கள், தவறினார்கள், வாதாடினார்கள். தேர்வையும் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வாக மாற்றினார்கள். முப்பது ஆண்டு நடந்த திட்டத்தை 2002இல் அரசு நிறுத்தியது. பயிற்சி, பாடநூல், தேர்வு மூன்றையும் சேர்த்து மாற்றியதால் அது அத்தனை காலம் நிலைத்தது. அரசின் ஆதரவு விலகியதும் விழுந்தது. இரண்டு பாடங்களும் நமக்கு வேண்டும். இங்கிலாந்தில் உரையாடல்வழிக் கற்பித்தலை ஆசிரியர்களுக்குப் பயிற்றுவித்து நடத்திய சோதனையின் முடிவு 2017இல் வெளியானபோது, மாணவர்கள் ஆங்கிலத்திலும் அறிவியலிலும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மாத வளர்ச்சி காட்டியதாகத் தெரிந்தது. ஒரு நாட்டின் ஒரு வயதுப் பிரிவில் கண்டது அது. பயிற்சியால் ஆசிரியரின் மூன்றாவது அடி மாறக்கூடும் என்பதற்குச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஏற்பாட்டில் எதிர்த்திசையில் இழுக்கும் விசை ஆசிரியர் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் 2,448 பேர். 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது வினாவுக்கு 36 விநாடி. பிறகு நேரம் மூன்று மணியாக்கப்பட்டது. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வடிவம் மாறவில்லை. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற பகுதிக்கு 30 வினாக்கள் உண்டு. அவையும் இதே வடிவம்தான். மதுரையின் பயிற்சி மையங்களில் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் பழகுவது, தரப்பட்ட விடைகளுள் ஒன்றை விரைந்து தெரிவுசெய்யும் கலை. வேலைக்கு வந்தபின் குழந்தையின் விடைக்கு முன்னால் பொறுமையாக நிற்கச் சொல்கிறோம். ஒரு குழந்தையின் தவறான விடைத்தாளைக் கொடுத்து, ‘இந்தப் பிள்ளை எப்படி யோசித்திருக்கும், அடுத்து என்ன கேட்பாய்?’ என்று எழுதச்சொல்லும் வினா ஒன்றாவது அத்தேர்வில் இடம்பெற வேண்டும். திருத்துவது கடினம் என்பார்கள். லட்சக்கணக்கான பொதுத்தேர்வு விடைத்தாள்களைக் கையால் திருத்தும் மாநிலம் இது.

கல்லூரிக்குள் செய்யக்கூடியது இதைவிட எளிது. கிளர்வினாப் பயிற்சியை நடிப்பிலிருந்து மீட்டு, அருகிலுள்ள நடுநிலைப் பள்ளியின் ஐந்து பிள்ளைகளோடு நடத்தலாம். பசுமலையிலோ திருப்பரங்குன்றத்திலோ அதற்குப் பள்ளி தேடி அலைய வேண்டியதில்லை. பாடத்திட்டத்தின் மாணவர் செயல் பத்தியை வெறுமையாக விட்டுச்சென்று, வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் உண்மையில் சொன்னதை அதில் எழுதச்செய்யலாம். அந்தப் பக்கத்தை வைத்து மற்ற மாணவ ஆசிரியர்களோடு ஒரு மணி நேரம் பேசலாம். எந்த விடையை நழுவவிட்டோம், ஏன் அங்கே அவசரப்பட்டோம், அந்தக் குழந்தை அதன் பிறகு பேசியதா என்று கேட்டுக்கொள்ளலாம். விருதுநகரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து அறிவொளி இயக்கத்திலும் உழைத்த ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’ போன்ற நூல்களும் இரா. நடராசனின் ‘ஆயிஷா’வும் தமிழ் ஆசிரியர்களிடையே இவ்வளவு பரவியதற்கு, இப்படிப்பட்ட உரையாடலுக்கான பசி ஒரு காரணம்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவே நிற்பவர் வழிகாட்டி ஆசிரியர். கல்லுப்பட்டியில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனமும் மதுரையின் கல்வியியல் கல்லூரிகளும் அனுப்பும் இளைஞர்களை ஏற்றுக்கொண்டு, தம் பாடவேளையையும் நிர்வாகப் பதிவுகளையும் முடித்துவிட்டு, வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியவர் அவர். அந்த வேலைக்கு அவருக்குப் படியும் இல்லை, பயிற்சியும் இல்லை, நேரமும் இல்லை. காலியிடம் உள்ள பள்ளிகளில் மாணவ ஆசிரியர்களே பாடவேளையை நிரப்புகிறார்கள். அந்நேரத்தில் வழிகாட்டி ஆசிரியர் வேறு வகுப்பில் இருக்கிறார். 2012இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம், நாட்டின் பணிமுன் பயிற்சி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசு சாராதவை என்று சுட்டியது. பயிற்சியின் செலவைத் தனியார் கல்லூரிகள் கட்டணமாக வாங்குகின்றன, உழைப்பை அரசுப் பள்ளி ஆசிரியர் இலவசமாகத் தருகிறார். பயிற்சி நடக்கும் 16 வாரங்களுக்கு வழிகாட்டி ஆசிரியரின் பாடவேளையில் வாரம் நான்கைக் குறைத்து, கல்லூரி அதற்கான மதிப்பூதியத்தை அவருக்கு நேரடியாக வழங்க வேண்டும் என்று அரசு ஓர் ஆணை பிறப்பிக்கலாம். மாவட்ட நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அவர்களுக்குப் பிள்ளைகளின் விடைகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் பயிற்சியை அளிக்கலாம்.